வீட்டுக்கோழிக்குக் கிளிஞ்சலும் கல்லும்: சேலம், ஏற்காடு பக்கம் வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஓடு கெட்டியாகாத தோல்முட்டை ஒன்று விழுந்ததும் மெடிக்கலுக்கு ஓடி ஒரு கால்சியம் டானிக் வாங்கி வந்து தண்ணீரில் கலந்து வைப்பதுதான் நம் பக்கம் வழக்கம். நாலைந்து நாள் ஓடு கெட்டியாக வருகிறது, பாட்டில் தீர்ந்ததும் மறுபடியும் அதே கதை. டானிக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவசரத்துக்கு அது உதவும். ஆனால் முட்டையிடும் கோழிக்குக் கால்சியம் என்பது மருந்துக் கணக்கில் ஊற்றுகிற சங்கதி கிடையாது, அது சோறு மாதிரி தினமும் வயிற்றுக்குள் போக வேண்டியது. அதே போல, சாப்பிட்ட தானியத்தை அரைக்கக் கல்லும் போக வேண்டும். இந்த இரண்டையும் இரண்டு கிண்ணத்தில் தனித்தனியாக வைத்து, எது எவ்வளவு வேண்டும் என்பதைக் கோழியிடமே விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. எப்படிச் செய்வது, எங்கே கிடைக்கும், நம் ஊரில் எதைக் கண்டால் தொடக் கூடாது என்பதையெல்லாம் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

தீவனக் கடையில் போய் "கிரிட் குடுங்க" என்று கேட்டால் கிளிஞ்சலை உடைத்த ஷெல் கிரிட்டும் கொடுப்பார்கள், கல்லை உடைத்த கல் கிரிட்டும் கொடுப்பார்கள், பார்க்க இரண்டும் பொடிக்கல் மாதிரிதான் இருக்கும். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய தானியம் முதலில் கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பையில் ஊறி, அப்புறம் அரைவைப்பைக்குப் போகும். கோழியைச் சுத்தம் செய்யும்போது ஈரலோடு சேர்ந்து வருமே கெட்டியான சதை உருண்டை, அதுதான் அரைவைப்பை. நாட்டுக்கோழியில் அதைக் கீறிப் பாருங்கள்: உள்ளே சொரசொரப்பான மஞ்சள் தோல் ஒன்று உரிந்து வரும், அதற்குள் பாதி அரைபட்ட கம்பும், புல் நாரும், முனை தேய்ந்து வழுவழுப்பாகிப் போன சின்னச் சின்னக் கற்களும் கிடக்கும். அந்தக் கல்தான் அதன் அம்மிக்கல். அது கரையாத கல்லாக இருந்தால்தான் நின்று அரைக்கும், மாதக்கணக்கில்கூட உள்ளேயே இருக்கும்.

கிளிஞ்சல், முட்டை ஓடு, சுண்ணாம்புக்கல் மூன்றும் வேறு ரகம். இவை கால்சியம் கார்பனேட். வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும், அரைக்கும் வேலைக்கு நிற்காது. ஆக, கல் கிரிட் போட்டால் ஓடு கெட்டியாகாது, கிளிஞ்சல் போட்டால் தானியம் சரியாக அரைபடாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற பேச்சே இல்லை.

உங்கள் கோழிக்கு எது குறைகிறது என்று பாருங்கள்

சேலம் டவுனுக்குள் மொட்டை மாடியிலும் சிமெண்ட் தரையிலும் கூண்டு போட்டு வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கோழிக்கு மண்ணே கண்ணில் படாது, கல்லுக்கு எங்கே போகும்? முழுக்கக் கடைத் தீவனம் மட்டும் போட்டால் பரவாயில்லை, அது அரைத்த மாவுதான். ஆனால் கம்பு, சோளம், மக்காச்சோளம், கீரைத்தண்டு என்று ஏதாவது கொடுத்தால் கல் கட்டாயம் வேண்டும்.

ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். காப்பித் தோட்டத்து ஓரமாகவும் வீட்டைச் சுற்றியும் நாள் முழுக்கச் சீய்த்துத் திரிகிற கோழிக்குக் கல் தாராளமாகக் கிடைக்கும், அந்த மலையே கெட்டிப் பாறை. ஆனால் அங்கே மண் அமிலத்தன்மை உள்ளது, மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது, காப்பிக்கே சுண்ணாம்பு போட்டு மண்ணைச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. அந்த மண்ணைக் கொத்தித் தின்னும் கோழிக்கு மட்டும் எங்கிருந்து கால்சியம் வரும்? கீழே ஓமலூர், சங்ககிரி பக்கம் சுண்ணாம்புச் சத்துள்ள சுக்கான்கல் கிடக்கும் காட்டில் மேய்கிற கோழிக்கு அந்த வகையில் கொஞ்சம் யோகம், ஆனாலும் அதையே நம்பியிருக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இதை ஒருமுறை கணக்காகப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் டானிக்கை மட்டும் நம்ப மாட்டீர்கள். நாட்டுக்கோழி முட்டை ஒன்று சுமார் 45 கிராம் என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஓடு, அதாவது நாலரை கிராம் வரை. ஓட்டில் ஏறக்குறைய எல்லாமே கால்சியம் கார்பனேட்தான், அதில் 40 சதவீதம் கால்சியம். ஆக ஒரு முட்டைக்கு 1.7 கிராம் கால்சியம் உடம்பை விட்டு வெளியே போகிறது. தின்றதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் உடம்பில் சேரும் என்பதால், ஒரு முட்டைக்குச் சுமார் 3 கிராம் கால்சியம் உள்ளே போக வேண்டும். தினமும் முட்டையிடும் லேயர் கோழிக்கு நாளைக்கு 4 கிராம் வேண்டும், அதனால்தான் லேயர் தீவனத்தில் மூன்றரை முதல் 4 சதவீதம் வரை கால்சியம் வைக்கிறார்கள்.

இப்போது நாம் போடுவதைப் பாருங்கள். 80 கிராம் கம்பு தின்றால் கிடைப்பது 0.03 கிராம். மக்காச்சோளத்தில் அதைவிடக் குறைவு. நொய் அரிசியும் அப்படித்தான். மரவள்ளித் திப்பி சேலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று நிறையப் பேர் கலந்து போடுகிறார்கள், அதில் மாவுச்சத்தும் நாரும்தான் முக்கால்வாசி. தானியத்தில் கால்சியம் அதிகம் உள்ளது கேழ்வரகு, அதை மட்டுமே 80 கிராம் போட்டாலும் 0.3 கிராமைத் தாண்டாது. அகத்திக்கீரையில் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவுக்கு இருக்கிறது, நல்ல கீரை, கட்டாயம் கட்டித் தொங்கவிடுங்கள், ஆனால் ஒரு கோழி 100 கிராம் கீரை தின்னாது.

மீதியை எலும்பிலிருந்துதான் எடுக்கும். பெட்டைக்கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் சேர்த்தே சுமார் 20 கிராம் கால்சியம்தான் இருக்கிறது. நாட்டுக்கோழி ஒரு தடவையில் பத்துப் பன்னிரண்டு முட்டை தொடர்ந்து இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில் வெளியிலிருந்து வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாலைந்து முட்டை நன்றாக இருந்து, கடைசி முட்டைகள் மெலிந்து வருவதற்கும், சில கோழிகள் காலை இழுத்து உட்கார்ந்துவிடுவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கால்சியத்தைச் சேகரிப்பது

மலிவானது முட்டை ஓடு. வீட்டில் சேர்வது போதவில்லை என்றால் தெருமுனைப் பரோட்டாக் கடையில் சொல்லி வைத்தால் சாயங்காலம் ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். ஆனால் அதை அப்படியே போடாதீர்கள். அந்த முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வந்ததோ தெரியாது, ஒட்டியிருக்கும் பச்சை வெள்ளைக்கருவில் கிருமி இருக்கலாம். வந்த அன்றே கழுவி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, வெயிலில் மொறுமொறுவென்று காய வையுங்கள். மழைக் காலத்தில் ஏற்காட்டில் வெயிலுக்குக் காத்திருக்க முடியாது, அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து வறுத்துவிடுங்கள். கையால் நொறுக்கினால் சத்தம் வர வேண்டும், அந்தப் பதம்.

நொறுக்கும்போது மிக்சியில் போட்டு மாவாக்கிவிடாதீர்கள். மாவாகப் போனால் வயிற்றில் நிற்காமல் சீக்கிரம் ஓடிவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் துண்டு, அதாவது உடைத்த மிளகு அளவு இருந்தால்தான் அரைவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்க மெதுவாகக் கரையும். முழு ஓட்டை அப்படியே போட்டால் கோழி முட்டையைக் கொத்தப் பழகிவிடும் என்ற பயம் நியாயமானது, ஓட்டின் உருவமே தெரியாதபடி உடைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை வராது.

முட்டை ஓட்டை விட நான் கிளிஞ்சலை நம்புவேன். ஓடு மெல்லியது, சீக்கிரம் கரைந்துவிடும். கிளிஞ்சல் கெட்டி, விடியும்வரை தாங்கும். சேலத்துக்கும் கடலுக்கும் வெகுதூரம் என்றாலும் பக்கத்திலேயே நாமக்கல் இருப்பதால் ஷெல் கிரிட்டுக்குப் பஞ்சமே இல்லை, கோழித் தீவனம் விற்கிற கடைகளில் கேட்டால் கிலோக் கணக்கில் கொடுப்பார்கள். சுண்ணாம்புக்கல் கிரிட்டும் நல்லதுதான். எல்.எஸ்.பி. என்று சுண்ணாம்புக்கல் பொடி ஒன்று தருவார்கள், அது தீவனம் அரைக்கிறவர்களுக்கானது, கிண்ணத்தில் வைக்க உதவாது.

தாம்பூலச் சுண்ணாம்பு, சுட்ட சுண்ணாம்பு இரண்டையும் தீனியில் கலக்காதீர்கள், வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் வைக்கிற பழக்கம் ஊர்ப்பக்கம் உண்டு. அதில் ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் கால்சியம் கரைந்திருக்கும், கோழி குடிக்கிற கால் லிட்டரில் 0.2 கிராம்தான் கிடைக்கும். அதன் காரத்தால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டால் வெயில் காலத்தில் அதுவே கெடுதல்.

வெள்ளைக்கல்லைக் கண்டு ஏமாறாதீர்கள்

சேலத்துக்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள், வேறு ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது. கருப்பூர் பக்கம், ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று கல் கிடக்கும். பார்த்தால் சுண்ணாம்புக்கல் போலவே இருக்கும், வெள்ளைக்காரர்கள் அந்தக் கரடுக்குச் சுண்ணாம்பைக் குறிக்கிற பெயரையே வைத்துவிட்டார்கள். ஆனால் அது மேக்னசைட். அதில் இருப்பது மெக்னீசியம் கார்பனேட், கால்சியம் இல்லை. அதை உடைத்துப் போட்டால் ஓடு கெட்டியாவதற்குப் பதிலாக இன்னும் மெலியும், எச்சம் தண்ணியாகப் போகும்.

தோட்டத்துக்குப் போட வாங்கி வைத்த டோலமைட் மூட்டையும் இதே வகைதான். காப்பிச் செடிக்கு அது நல்லது, மிளகுக்கும் நல்லது. ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி மெக்னீசியம் கார்பனேட் இருப்பதால் முட்டைக்கோழிக்கு ஆகாது. மூட்டை வீட்டிலேயே கிடக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கல்லைக் கொஞ்சம் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். கிளிஞ்சல், முட்டை ஓடு, நல்ல சுண்ணாம்புக்கல் மூன்றும் உடனே பொசபொசவென்று நுரைக்கும், காதருகே வைத்தால் சத்தம்கூடக் கேட்கும். மேக்னசைட் சும்மா கிடக்கும். டோலமைட் சோம்பலாக ஒன்றிரண்டு குமிழி விடும். நுரைக்காத எந்த வெள்ளைக்கல்லும் கால்சியக் கிண்ணத்துக்குள் போகக் கூடாது.

நுரைக்காத வெள்ளைக்கல் எல்லாம் மேக்னசைட் என்றும் சொல்ல முடியாது, வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) வெள்ளைதான், அது அரைக்கும் கல்லுக்கு அருமையானது. பழைய கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பாருங்கள்: வெங்கச்சங்கல் கண்ணாடியில் கீறல் போடும், மேக்னசைட் போடாது.

அரைக்கும் கல்லைத் தயார் செய்வது

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய எம் சாண்ட் ஒரு சட்டி கேட்டு வாங்குங்கள், சிமெண்ட் கலக்காத குவியலிலிருந்து. அது கருங்கல்லை உடைத்து எடுத்த மணல், முனையோடு இருக்கும், நன்றாக அரைக்கும். மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைத் தள்ளிவிட்டு, மேலே நிற்கும் குருமணலை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காய வைத்தால் வளரும் கோழிக்குச் சரியான கல். பெரிய கோழிக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் வேண்டும், கிரஷரில் எடுக்கும் சிப்ஸ் ஜல்லியில் பொடியாக உள்ளதைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

திருமணிமுத்தாற்று மணலை எடுக்காதீர்கள். சாயக் கழிவும் சாக்கடையும் கலந்து ஓடுகிற ஆறு அது. அதே போல இடித்த வீட்டு மண்ணும் வேண்டாம், அதில் பழைய பெயிண்ட் சில்லு, ஆணி, கண்ணாடி எல்லாம் இருக்கும். மின்னுகிற எதையும் கோழி கொத்தும்.

இதுவரை கல்லே பார்க்காத மாடிக் கோழிக்கு முதல் நாளே கிண்ணம் நிறைய வைத்தால் ஆசையில் அள்ளி விழுங்கிவிடும், தீனிப்பை அடைத்துக்கொள்ளும். முதல் ஒரு வாரம் ஒரு கோழிக்கு ஒரு சிட்டிகை, அதுவும் தீனி தின்ற பிறகு. அப்புறம் தாராளமாக வையுங்கள், அதுவே அளவோடு எடுக்கும்.

கிண்ணம் வைப்பது, நேரம்

இரண்டு கொட்டாங்குச்சி போதும். கம்பத்திலோ கூண்டுக் கம்பியிலோ கோழியின் முதுகு உயரத்துக்குக் கட்டுங்கள், தரையில் வைத்தால் சீய்த்து எச்சத்தைத் தள்ளிவிடும். மழைச்சாரல் படாத இடம், முட்டையிடும் பெட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி. ஒன்றில் கல், இன்னொன்றில் கிளிஞ்சல் அல்லது ஓடு. பத்துக் கோழிக்கு மேல் இருந்தால் கால்சியத்துக்கு மட்டும் இன்னொரு கொட்டாங்குச்சி சேர்த்துக் கட்டுங்கள், அதட்டுகிற பெட்டை ஒன்று மற்றதை விரட்டும்.

தீவனத்தில் கலக்கவே கலக்காதீர்கள். நாட்டுக்கோழிக் கூட்டத்தில் சேவல் இருக்கும், குஞ்சு இருக்கும், அடையில் உட்கார்ந்தது இருக்கும், முட்டையிடுவது இரண்டு மூன்றுதான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கால்சியம் போனால், தேவையில்லாதவற்றுக்குச் சிறுநீரகம் கெடும். முட்டையிடும் பெட்டைக்குக் கால்சியம் தேடும் பசி தனியாகவே உண்டு, ஓடு உருவாகும் நாளில் அதுவாகவே கிண்ணத்தைத் தேடிப் போகும், அடைக்கு உட்கார்ந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காது.

நேரம் ரொம்ப முக்கியம். முட்டை கருப்பைக்குள் வந்து ஓடு கட்டி முடிக்கச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி ராத்திரி, கோழி எதுவும் தின்னாமல் அடைந்து கிடக்கும் நேரம். அப்போது வயிற்றில் கரைவதற்கு ஏதாவது இருந்தால் எலும்பைத் தொடாது. அதனால் சாயங்காலம் மூணு நாலு மணிக்குக் கிண்ணத்தைப் பார்த்து நிரப்பி வையுங்கள். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூன் என்று கணக்கு வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் குறையுங்கள், தீர்ந்தால் கூட்டுங்கள். வயிறு நிறைய லேயர் தீவனமே தின்கிற கோழிக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. பாதி தீவனம் பாதி தானியம் என்றால் கிண்ணம் கட்டாயம்.

இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத விடலைப் பெட்டைக்கு எப்போது ஆரம்பிப்பது என்றால், கொண்டை சிவந்து, முட்டையிட இடம் தேடி மூலை மூலையாகப் போக ஆரம்பித்ததும் வையுங்கள். முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பே எலும்புக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிடும்.

குஞ்சுகளுக்கு

லேயர் தீவனம் கூடாது, கிளிஞ்சலும் கூடாது. குஞ்சுக்கு வேண்டிய கால்சியம் தீவனத்தில் ஒரு சதவீதம்தான். நாலு சதவீதத்தை வாரக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் வீங்கி, வெளியே நன்றாகத் தெரிந்த குஞ்சு திடீரென்று சாகும். குஞ்சுத் தீவனம் மட்டும் தின்றால் கல்லும் வேண்டாம். கீரை, உடைத்த தானியம் காட்டத் தொடங்கினால் ரவை அளவு மணல் ஒரு மூடியில் வையுங்கள். தாயோடு மேயும் குஞ்சுக்குத் தாயே பொறுக்கக் கற்றுக் கொடுத்துவிடும்.

பலன் தெரிகிறதா என்று அளப்பது

முட்டையை எடை போடுங்கள். உடைத்து, ஓட்டைக் கழுவி, உள் சவ்வை எடுக்காமல் ஒரு நாள் காய வைத்து அதையும் எடை போடுங்கள். முட்டை எடையில் பத்தில் ஒரு பங்குக்கு ஓடு வந்தால் நல்லது, 45 கிராம் முட்டைக்கு நாலேகால் முதல் நாலரை கிராம். மூன்றரைக்குக் கீழே இறங்கினால் குறைச்சல். இதற்குக் கிராமில் காட்டும் தராசு வேண்டும், கொலுசு வேலை செய்கிற வீடு சேலத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும், கேட்டால் போட்டுத் தருவார்கள். கிண்ணம் வைக்கும் முன் ஒரு முட்டை, பத்து நாள் கழித்து ஒரு முட்டை, அதே கோழியுடையது. எழுதி வையுங்கள்.

வைத்தும் சரியாகவில்லை என்றால்

ஏப்ரல், மே மாதத்தில் சேலம் வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்தால், ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்துபோகும். அப்போது எவ்வளவு கிளிஞ்சல் வைத்தாலும் ஓடு மெலிந்துதான் வரும். நிழல், குளிர்ந்த தண்ணீர், விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீனி, இதுதான் வழி. மாடிக் கூண்டுக்கு மேல் தென்னங்கீற்று போட்டு நனைத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் தொடர்ந்து இருக்கும் மாதங்களில் கோழியைக் கொட்டகைக்குள்ளேயே அடைத்து வைத்தால் வேறு சிக்கல். வெயில் படாமல் வைட்டமின் டி3 குறையும், அது இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. கொஞ்சம் வெளிச்சம் வந்தாலும் திறந்து விடுங்கள், அந்த மாதங்களில் டி3 கலந்த டானிக் கொடுப்பது அர்த்தமுள்ள செலவு. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தாலும் ஓடு மெலியும். கருவாட்டுத் தூள் போடுகிறவர்கள் அதில் உப்பு எவ்வளவு என்று பார்த்துப் போடுங்கள்.

ஓடு மெலிவதோடு சுருக்கம் விழுந்து கோணல்மாணலாக வந்தால், மூக்கில் சளி, பச்சையாகக் கழிச்சல், ஒரே சமயத்தில் பல கோழிகளில் முட்டை குறைவது என்று சேர்ந்து வந்தால், அது தீனி விஷயம் இல்லை. வெள்ளைக்கழிச்சலும் சளி நோய்களும் முட்டைப்பையைக் கெடுக்கும். பெட்டை ஒன்று வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டு, முட்டை வராமல் அரை நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தால் அது முட்டை அடைப்பு, வீட்டு வைத்தியத்துக்குக் காத்திருக்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ, தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, நாமக்கல் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். போகும்போது கடைசியாக விழுந்த இரண்டு மூன்று முட்டைகளையும், என்ன தீனி போடுகிறீர்களோ அதில் ஒரு கைப்பிடியையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.